காய்ச்சல், பாடம், ஜெபம்: ஜார்ஜியா கடற்கரையில் ஒரு குடும்பத்தின் கடிதங்கள்

புதன், சவானா

ஜார்ஜியா மாநிலத்தின் கடலோரத்தில் லிபர்ட்டி கவுண்டி என்றொரு மாவட்டம் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் அங்கே அடிமைகளை வைத்து நெல்லும் பருத்தியும் விளைவித்த ஜோன்ஸ் குடும்பம் ஆயிரக்கணக்கான கடிதங்களை விட்டுப் போயிருக்கிறது. அப்பா சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் பிரெஸ்பிட்டேரியன் போதகர். அம்மா மேரி. மூத்த மகன் வக்கீல், இளையவன் ஜோசப் டாக்டர், மகள் வாழ்க்கைப்பட்டது ஒரு போதகருக்கு. ஆளுக்கொரு ஊரில் இருந்ததால் விடாமல் எழுதிக்கொண்டார்கள். யாருக்குக் காய்ச்சல், யார் தேறினார்கள், பையன்கள் என்ன படிக்கிறார்கள், ஜெபம் செய்கிறார்களா, இவைதான் பக்கத்துக்குப் பக்கம். பெரும்பகுதி இன்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலும் நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. அச்சில் வந்த பகுதியைக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதியவர்கள் நடமாடிய மண்ணையும் பார்த்துவிடலாம் என்று இந்தப் பயணம்.

கூட வந்திருப்பது நாகர்கோவில் அத்தை. மிஷன் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர். நோயும் வேதமும் கலந்த இந்தக் கடிதங்களைப் படிக்க அவரைவிடப் பொருத்தமான துணை எனக்குக் கிடைக்காது.

அட்லாண்டாவிலிருந்து நாலு மணி நேரக் கார்ப் பயணம். சவானா சதுக்கங்களின் ஊர். ஒவ்வொரு சதுக்கத்திலும் ஓக் மரங்கள், கிளைகளில் சாம்பல் நிறப் பாசி. முதலில் காலனியல் பார்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். 1820-ல் மஞ்சள் காய்ச்சலில் இறந்த ஏறத்தாழ 700 பேர் அங்கே புதைக்கப்பட்டதாக ஒரு பலகை சொல்கிறது. 1854-ல் அதே நோய் திரும்பவும் வந்து ஆயிரம் பேர்வரை கொண்டுபோனது. கொசுதான் காரணம் என்று அன்று யாருக்கும் தெரியாது. சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்று என்றே நினைத்தார்கள்.

அப்புறம் பே லேன். இரண்டு தெருக்களுக்கு நடுவே ஓடும் ஒரு பின்சந்து, அவ்வளவுதான். 1850-களில் இங்கே வுட்ஹவுஸ் என்ற கைம்பெண், அடிமையல்லாத கறுப்பினப் பெண், தன் வீட்டில் அடிமைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அங்கே படித்த ஒரு சிறுமி சூசி கிங். 1848-ல் லிபர்ட்டி கவுண்டியில் அடிமையாகப் பிறந்து, ஏழு வயதில் சவானாவிலிருந்த பாட்டியிடம் வந்தவள். போலீஸோ வெள்ளைக்காரர்களோ பார்த்துவிடக் கூடாது என்று புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போவார்களாம். சேர்ந்து நுழைய மாட்டார்கள், ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். தையல் மாதிரி ஏதோ தொழில் கற்கிறார்கள் என்று அக்கம்பக்கம் நினைத்துக்கொண்டது.

இந்தப் பயத்துக்குக் காரணம் ஒரு சட்டம். பாஸ்டனில் வாழ்ந்த டேவிட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் அடிமைமுறையை எதிர்த்து அச்சிட்ட துண்டுநூல் 1829 டிசம்பரில் சவானா துறைமுகத்துக்கு வந்து பிடிபட்டது. அதே மாதம் ஜார்ஜியா சட்டமன்றம், கறுப்பினத்தவருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. சொல்லிக்கொடுப்பவர் வெள்ளையர் என்றால் அபராதமும் சிறையும். கறுப்பினத்தவர் என்றால் சாட்டையடியும் உண்டு.

சவானாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு நூல் ஓடுவதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் பேயார்டு சகோதரிகள் இருவர் சொத்தோடு அடிமைகளையும் சேர்த்துப் பெற்றவர்கள். அக்கா ஜேன் மிஷனரி லெய்டன் வில்சனைக் கட்டி மேற்கு ஆப்பிரிக்கா போனார். அடிமைகள் விடுவிக்கப்பட்டு, பலர் கப்பலேறி அங்கே குடியேறினார்கள். தங்கை மார்கரெட் ஜேம்ஸ் ரீட் எக்கார்டைக் கட்டி, 1830-களில் இலங்கையின் அமெரிக்க மிஷனுக்குப் போனார். அந்த மிஷன் இருந்தது யாழ்ப்பாணத்தில். ஆக, இதே ஊரில், இதே சபை வட்டத்தில், அதே வேதத்தை வாசித்து அடிமைகளை விடுவித்தவர்களும் இருந்தார்கள். ஜோன்ஸ் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது 'அந்தக் காலம் அப்படி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட என்னால் முடியாததற்கு இது ஒரு காரணம்.

வியாழன், மிட்வே

சவானாவிலிருந்து தெற்கே அரை மணி நேரம். நெடுஞ்சாலை ஓரத்திலேயே வெள்ளை மரப்பலகைத் தேவாலயம். 1792-ல் கட்டியது. முந்தைய கட்டடத்தை 1778-ல் பிரிட்டிஷ் படை எரித்துவிட்டது. மாசசூசெட்ஸிலிருந்து தென் கரோலினா வழியாக வந்த பியூரிட்டன் பரம்பரை (ஆடம்பரமில்லாத வழிபாட்டை வற்புறுத்திய ஒரு புராட்டஸ்டன்ட் பிரிவு) 1750-களில் இங்கே குடியேறியது. பக்கத்து அருங்காட்சியகத்திலிருந்த அம்மையார் சாவியோடு வந்து திறந்துவிட்டார்.

உள்ளே வண்ணக் கண்ணாடி, சிலுவை எதுவும் இல்லை. உயரமான பிரசங்க மேடை, பெட்டி பெட்டியாக மர இருக்கைகள், மேலே மூன்று பக்கமும் மாடம். கீழே எஜமானர்கள், மேலே அடிமைகள். மாடத்துக்குப் போகும் படிகள் ஒடுக்கமானவை. அத்தை கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறிப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். "இங்கேருந்து பார்த்தா பிரசங்கியார் முகம் நல்லாத் தெரியுது மக்ளே. அவருக்கும் இவங்க முகம் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

தெரிந்துதான் இருந்தது. 1829, 30 வாக்கில் ஜோன்ஸ் வடக்கே இறையியல் படித்துக்கொண்டிருந்தபோது, மணக்கவிருந்த மேரிக்கு எழுதிய கடிதங்களில் அடிமைமுறை கடவுளின் சட்டத்துக்கே விரோதம் என்று மனம் புழுங்கியிருக்கிறார். அடிமைகளை வைத்திருக்கலாமா என்று தடுமாறியிருக்கிறார். படிப்பு முடிந்து ஊர் திரும்பினார், மேரியைக் கட்டினார், நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு எஜமானராகவே வாழ்ந்து முடித்தார். அந்தப் புழுக்கத்துக்கு அவர் கண்ட வடிகால், அடிமைகளுக்கு வேதம் போதிப்பது. சவானாவில் நல்ல சபையை விட்டுவிட்டு அதற்காகவே தோட்டம் தோட்டமாகக் குதிரையில் அலைந்தார். எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் சட்டம் விடாது. அதனால் எல்லாம் வாய்மொழி. போதகர் கேள்வியையும் பதிலையும் சொல்ல, கூட்டம் திரும்பச் சொல்லும். அதற்கென்றே ஒரு வினாவிடை நூலும் எழுதினார். வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பாடமும் அதில் உண்டு.

அவரே பின்னால் அறிக்கையில் எழுதிவைத்த சம்பவம் ஒன்று. 1833-ல் ஒருநாள், அடிமை ஒருவனை எஜமான் பிலேமோனிடமே திருப்பி அனுப்பிப் பவுல் எழுதிய நிருபத்தை எடுத்துக்கொண்டு, ஓடிப்போவது பாவம் என்று அடிமைகளுக்குப் பிரசங்கித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதியிருந்தவர்களில் சிலர், அப்படியொரு நிருபம் வேதத்திலேயே கிடையாது என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கும் வழி அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. ஆனால் கடவுள் எதைச் சொல்லமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை மறைக்காமல் எழுதிவைத்ததற்காக ஜோன்ஸை நான் மதிக்கிறேன். அதற்குப் பிறகும் மாறாமல் இருந்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

சாலைக்கு எதிர்ப்புறம் செங்கல் மதிலுக்குள் கல்லறைத் தோட்டம். 1863 மார்ச்சில் இறந்த ஜோன்ஸ் இங்கேதான் இருக்கிறார். கடைசி ஆண்டுகளில் உடல் மெல்ல மெல்ல விழுந்துகொண்டே வந்த ஒரு வாத நோய். கடிதங்களில் கையெழுத்து தளர்ந்ததைப் பற்றி அவரே வருத்தப்படுவார்.

வியாழன் இரவு, விடுதியில்

இன்றைக்கு இரண்டு பதிவுகள். தூக்கம் வரவில்லை.

விடுதி மேசையில் இரண்டு சாவுகளைப் பற்றிய கடிதங்களை அத்தைக்கு வாசித்து, தமிழில் சொன்னேன்.

முதலாவது, 1861. மூத்த மகன் சார்லஸ் அதற்குள் சவானாவின் மேயராக இருந்தவர். அவர் மனைவி ரூத்துக்கு ஜூன் மாதக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அதே சமயம் மூத்த குழந்தை ஜூலியாவுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல். ஜூலை தொடக்கத்தில், ஒரு வாரத்துக்குள், முதலில் ஜூலியா போனாள், அப்புறம் ரூத் பிரசவக் காய்ச்சலில் போனாள். தாத்தாவும் பாட்டியும் எழுதிய கடிதங்களில் அழுகை இருக்கிறது. மகன் இன்னும் மனந்திரும்பிச் சபையில் சேரவில்லையே, இந்த அடியாவது அவனைக் கடவுளிடம் கொண்டுவராதா என்ற தவிப்பும் இருக்கிறது. பல ஆண்டுகளாக அவர்கள் அவனுக்கு எழுதிவந்த வேண்டுதல் அது. அவன் மரியாதையோடு பதில் எழுதுவான், சேர மாட்டான்.

அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் ஒரே கிருமி மக்ளே. பிள்ளைக்குத் தொண்டையில வந்தா ஸ்கார்லெட் காய்ச்சல். அதே வீட்டுல பெத்து கிடக்கவளுக்குக் கர்ப்பப்பையில ஏறினா பிரசவக் காய்ச்சல். பிள்ளையைப் பார்த்த கையோட யாரோ தாயையும் பார்த்திருப்பாங்க."

நான் இதை யோசித்ததே இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற ஒரே வகைக் கிருமி இரண்டு நோயையும் தரும். மருத்துவர் கையிலிருந்தே பிரசவக் காய்ச்சல் தொற்றுகிறது என்று பாஸ்டனில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843-லேயே எழுதியிருந்தார். வியன்னாவில் செம்மல்வைஸ் 1847-ல் மருத்துவர்களைக் கை கழுவ வைத்துச் சாவுகளைக் குறைத்துக் காட்டினார். நம்பியவர்கள் குறைவு. ஜோன்ஸ் குடும்பத்திலேயே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1856-ல் பட்டம் பெற்ற டாக்டர் இருந்தும், அந்த வீட்டாருக்கு அது கடவுளின் புரியாத சித்தமாகத்தான் தெரிந்தது.

இரண்டாவது கடிதத்தை எழுதியவர்களுக்கு எழுத்து உரிமையே கிடையாது. 1856-ல் ஜோன்ஸ் தோட்டத்து அடிமைப் பெண் ஃபீபியின் மகள் ஜேன் ஓடிப்போனாள். சவானாவில் வேறு பெயர் வைத்துக்கொண்டு வீட்டு வேலைக்குச் சேர்ந்தாள். கண்டுபிடித்துவிட்டார்கள். ஜோன்ஸும் மேரியும் மகன் சார்லஸும் எழுதிக்கொண்ட கடிதங்களில் அடுத்தது என்ன என்பது அலசப்படுகிறது. முடிவு, ஃபீபி, அவள் கணவன் கேஷியஸ், பிள்ளைகள் என்று குடும்பத்தையே விற்பது. தனித்தனியாகப் பிரித்து விற்க மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ஜார்ஜியாவுக்குள்ளேயே ஒரு தோட்டத்தில் ஒன்றாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் விற்றார்கள். கல்யாணமாகிப் போன மகள்கள், பேரப்பிள்ளைகள் தோட்டத்திலேயே நின்றுவிட்டார்கள். அந்தப் பிரிவு கணக்கில் வரவில்லை.

1857 மார்ச்சில் ஃபீபியும் கேஷியஸும் அனுப்பிய கடிதம் ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. ஜனவரி முதல் தேதி சவானாவை விட்டோம், இப்போது நியூ ஆர்லியன்ஸில் இருக்கிறோம் என்கிறார்கள். மகள் கிளாரிசாவுக்கு நிறைய நிறைய விசாரித்ததாகச் சொல்லச் சொல்கிறார்கள். பிறகு ஒரு வரி. அவளுடைய சகோதரி ஜேன் பிப்ரவரி முதல் தேதி இறந்துவிட்டாள். என்ன நோய் என்று எங்களுக்குத் தெரியவில்லை, சில டாக்டர்கள் ப்ளூரிசி (நுரையீரல் உறை அழற்சி) என்றார்கள், சிலர் காசநோய் என்றார்கள். வன்மத்தில்தான் எங்களை விற்றார்கள், அதுவும் எங்கள் நன்மைக்கே ஆகட்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். கடைசிவரை பெயர்கள்: அத்தைகள், சகோதரர்கள், சகோதரர் மனைவி, ஒன்றுவிட்ட சகோதரிகள். ஒருவரும் விட்டுப்போகக் கூடாது என்று ஒவ்வொரு பெயராக அன்பு சொல்லியிருக்கிறார்கள்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நெஞ்சில நீர் கோக்கறதுக்குப் பெரும்பாலும் டிபிதான் காரணம். ரெண்டு டாக்டர் சொன்னதும் சரியாவே இருந்திருக்கலாம்" என்றார். "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டார். நான் படித்த பக்கங்களில் இல்லை என்றேன்.

வெள்ளி, கடலோரம்

ஜோன்ஸ் குடும்பத்துக்கு மூன்று தோட்டங்கள்: மான்டிவீடியோ, ஆர்கேடியா, மேபேங்க். இவற்றில் மேபேங்க் இருந்த கர்னல்ஸ் ஐலண்ட் பக்கம் காரில் போய்வந்தோம். இன்று அங்கே குடியிருப்புகள். பார்க்க முடிவது சதுப்புநிலம்தான். ஆளுயரப் புல், நடுவே வளைந்து வளைந்து போகும் உப்பு நீரோடை, நீர் வற்றும் நேரத்தில் வெளியே தெரியும் கரிய சேறு. காரை விட்டு இறங்கியதும் கண்ணுக்கே தெரியாத பூச்சிகள் காதுமடலையும் கழுத்தையும் பிடுங்க ஆரம்பித்தன. இங்கே கோடை தாங்காது என்பது அந்தக் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். மே மாதம் வந்தால் நெல் வயலை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். கடல் காற்றுள்ள இடத்துக்கோ பைன் மரக்காட்டுக்கோ போய்விட்டு, முதல் உறைபனி விழுந்த பிறகே திரும்புவார்கள். இடையில் வயல் வீட்டில் ஓர் இரவு தூங்கினாலும் காய்ச்சல் நிச்சயம் என்று நம்பினார்கள். இரவில் கடிக்கும் கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று நம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் 1897-ல் தடயம் பிடிப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, அனுபவத்தில் வந்த விதி.

நெல்லுக்குக் கோடையில்தான் வேலை. அடிமைகள் வயலோரக் குடிசைகளிலேயே இருந்தார்கள்.

அவர்களிடமிருந்து எஜமானருக்குப் போன கடிதங்களும் உண்டு. 1850 முதல் 53 வரை ஜோன்ஸ் பிலடெல்பியாவில் மிஷன் வேலையில் இருந்தபோது, மான்டிவீடியோவின் அடிமை மேற்பார்வையாளர் கேட்டோ வாயால் சொல்ல, தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரர் தாமஸ் ஷெப்பர்ட் எழுதி அனுப்புவார். பயிர் எப்படி, யாருக்கு உடம்பு சரியில்லை, சபைக் காரியங்கள் எப்படி என்று ஒரு முழுத் தோட்டத்தின் பொறுப்பையும் தலையில் வைத்திருந்த மனிதர், தன் மனத்தைத் தாளில் இறக்க இன்னொருவர் கையை நம்ப வேண்டியிருந்தது. அந்தக் கை வெள்ளைக்காரரின் கை. கேட்டோ சொல்லாமல் விட்டது எவ்வளவு என்பதுதான் அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது எனக்குள் ஓடும் கேள்வி.

மத்தியானம் மழை. ரைஸ்பரோவில் ஒரு சின்னக் கடையில் இறாலும் கிரிட்ஸும் சாப்பிட்டோம். அத்தைக்கு அந்தச் சோளக் கஞ்சி பிடித்துவிட்டது.

சனி, டார்செஸ்டர் அகாடமி

1864 டிசம்பரில் வடக்குப் படைத் தளபதி ஷெர்மனின் குதிரைப்படை இந்த மாவட்டத்தைச் சூறையாடியது. மான்டிவீடியோவில் மேரியும் நிறைமாத மகளும் இருந்தார்கள். படையினர் வீட்டுக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்த நாட்களிலேயே, ஜனவரி 4-ம் தேதி, மகளுக்குப் பிரசவம் ஆனது. இருவரும் வைத்த நாட்குறிப்பில் பசியும் பயமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அதே நாட்கள்தான் கேட்டோ போன்றவர்களின் சந்ததிக்கு விடுதலை நாட்கள்.

பே லேன் சிறுமி சூசி அதற்குள் வெகுதூரம் போயிருந்தாள். 1862-ல் வடக்குப் படையின் பக்கம் தப்பி, செயின்ட் சைமன்ஸ் தீவில் பகலில் ஏறக்குறைய 40 குழந்தைகளுக்கும் இரவில் பெரியவர்களுக்கும் பாடம் எடுத்தாள். அப்போது வயது 14. கணவன் இருந்த கறுப்பினப் படைப்பிரிவோடேயே சென்று, வீரர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள், காயம்பட்டவர்களைக் கவனித்தாள். பெரியம்மை கண்டவர்களிடமும் போய் உட்கார்ந்தாள். சாசஃப்ராஸ் கஷாயம் குடித்துவந்ததால் தனக்குத் தொற்றவில்லை என்று 1902-ல் அச்சிட்ட நினைவுக்குறிப்பில் சொல்கிறார். அத்தைக்கு அந்தக் கஷாயத்தில் நம்பிக்கை இல்லை, அந்தப் பெண்ணின் மேல் ஏகப்பட்ட மரியாதை. போர் முடிந்து, 1867-ல் சூசி கிங் டெய்லர் தான் பிறந்த லிபர்ட்டி கவுண்டிக்கே திரும்பிவந்து ஓராண்டு பள்ளி நடத்தினார். சவானாவில் ஒரு சதுக்கத்துக்கு இப்போது அவர் பெயர்.

மிட்வே தேவாலயத்திலிருந்து மேற்கே சில நிமிடத்தில் டார்செஸ்டர் அகாடமி. போருக்குப் பின் ஜார்ஜியா சட்டமன்ற உறுப்பினரான வில்லியம் கோல்டிங், முன்பு அடிமையாக இருந்தவர், எங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியர் அனுப்புங்கள் என்று அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷனுக்கு எழுதிக் கேட்டதில் 1870-களில் தொடங்கிய பள்ளி. இன்று நிற்பது 1934-ல் கட்டிய ஆண்கள் விடுதி. செங்கல் கட்டடம், முகப்பில் வெள்ளைத் தூண்கள். உள்ளே பழைய வகுப்புப் படங்கள், பெஞ்சு, மணி.

பள்ளி மூடிய பிறகு 1961-லிருந்து இதே கட்டடத்தில் கறுப்பினத்தவர் உரிமைக்குப் போராடிய செப்டிமா கிளார்க்கும் டோரதி காட்டனும் ஆண்ட்ரூ யங்கும் குடியுரிமைப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தெற்கு மாநிலங்களிலிருந்து பஸ்ஸில் வருவார்கள்: முடி அலங்காரம் செய்பவர்கள், விவசாயிகள், வீட்டு வேலை செய்பவர்கள். ஒரு வாரம் தங்கி, ஊர்ப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்க எப்படிச் சொல்லிக்கொடுப்பது, வாக்காளராகப் பதிவு செய்ய வைத்த எழுத்தறிவுத் தேர்வை எப்படிக் கடப்பது என்று கற்றுப் போவார்கள். 1963 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் தன் சகாக்களோடு, அலபாமாவின் பர்மிங்ஹாமில் நிறப் பாகுபாட்டை எதிர்த்த போராட்டத்தைத் திட்டமிட்டதும் இங்கேதான்.

இந்தப் பள்ளிகளின் முதல் வகுப்பு 1957-ல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் நடந்தது. ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன், தொழில் முடி அலங்காரம். உங்களுக்கு என்ன படிக்க வேண்டும் என்று மாணவர்களையே கேட்டுத்தான் பாடத்தை வகுத்தார். கையெழுத்துப் போட வேண்டும், வேதத்தை வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்று கேட்டார்கள்.

இதை வழிகாட்டி சொன்னபோது அத்தை, "வேதத்தை வாசிக்கணும்னா கேட்டாங்க?" என்று என்னிடம் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். பிலேமோன் நிருபம் எவ்வளவு நீளம் தெரியுமா, ஒரே அதிகாரம், 25 வசனம் என்றார்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. நாங்கள் போன வரிசையில் போகாதீர்கள். காலையில் முதலில் டார்செஸ்டர் அகாடமி, அப்புறம் மிட்வே தேவாலயம். ஃபீபியும் கேஷியஸும் அனுப்பிய கடிதம் அச்சில் கிடைக்கிறது, ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாடத்தில் ஏறி உட்கார்ந்து வாசியுங்கள், அதில் வரும் பெயர்களையும் சேர்த்து.